ஏழு கிலோ மனபாரம்

இதனால் சகல பயணிகளுக்கும், அவர்களை வழியனுப்ப வேன் பிடித்து வந்து வாசலில் நின்று மூக்கைச் சிந்தும் உற்றார் உறவினருக்கும், வான்வழிப் பார ஆணையம் மிகுந்த பொறுப்புணர்வோடு அறிவிப்பது யாதெனில்: மனபாரம் இன்று முதல் எடையுள்ள பொருளாகக் கருதப்படும். பயணி ஒருவர் விமானத்துக்குள் எடுத்துச் செல்லக்கூடிய மனபாரம் ஏழு கிலோ. அதற்கு மேற்பட்ட துக்கம், குற்றவுணர்வு, ஏக்கம், சொல்லாமல் விட்ட சொல் ஆகியவற்றை உரிய அறையில் இறக்கிவைத்த பிறகே ஏற அனுமதி. கைக்குழந்தைகளுக்கு விலக்கு உண்டு. தாய்மார்களுக்குக் கிடையாது.

ஆத்தியடிப்பட்டி சர்வதேச விமான நிலையத்தின் ஒலிபெருக்கியில் இது முதல் தடவை கேட்டபோது, பாதிப் பேர் தங்கள் கைப்பையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். மீதிப் பேர் பக்கத்தில் நின்றவர் முகத்தைப் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்திலேயே நிம்மதியாக மூச்சுவிட்டவர் ஒரே ஒரு ஆள்தான். அவர் பெயர் ஆவுடையப்பன். அவர் ஏன் நிம்மதியடைந்தார் என்பதைச் சொல்லிவிட்டால் கதையில் பாதி முடிந்துவிடும்.

ஆத்தியடிப்பட்டிக்கு 'சர்வதேச' என்ற அடைமொழி வந்தது அங்கிருந்து மஸ்கட்டுக்குத் தினம் ஒரு விமானம் போனதால். ஓடுபாதை மூன்று கிலோமீட்டர் என்று வரைபடத்தில் இருந்தது. தரைக்கு வந்தபோது இரண்டேகால் ஆகிவிட்டது. மீதி முக்கால் கிலோமீட்டரில், ஆட்சியில் இருந்த ஒருவரின் மச்சினர் குளிரூட்டப்பட்ட கல்யாண மண்டபம் கட்டிவிட்டார். விமான நிலையத்துக்கு அடிக்கல் நாட்டிய அதே கையால்தான் மண்டபத்துக்கும் குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. ஆகையால் யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை.

ஆவுடையப்பன், நெய்தல் ஏர்வேஸில் ஏற்றக் கணக்கு அதிகாரி. விமானம் கிளம்பும் முன் எத்தனை ஆள், எத்தனை பெட்டி, எவ்வளவு எரிபொருள் என்று எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடை இவ்வளவு என்று விமானிக்குக் கொடுப்பது அவர் வேலை. பெட்டியை நிறுத்துப் பார்ப்பார்கள், ஆளை நிறுத்துப் பார்ப்பதில்லை. தலைக்கு எழுபத்தைந்து கிலோ என்று போட்டுக்கொள்வார்கள். பயில்வானும் எழுபத்தைந்து, பல் போன கிழவரும் எழுபத்தைந்து. இந்த நாட்டில் எல்லாரும் சமம் என்பதை ஆவுடையப்பன் கண்ணால் கண்ட ஒரே இடம் அந்தக் கணக்குதான்.

ஒரு முகூர்த்த நாள் காலையில் மஸ்கட் விமானம் எழ வேண்டிய இடத்தில் எழவில்லை. ஓட்டியவர் கேப்டன் ஜெசிந்தா பர்னாந்து, தூத்துக்குடிக்காரர், பதற்றம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ரகம். குறித்த வேகம் வந்ததும் மூக்கைத் தூக்கினார், மூக்கு வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஓடவிட்டு மறுபடி தூக்கினார். ஓடுபாதையின் கடைசிக் கோட்டில் சக்கரம் தரையை விட்டது. மண்டபத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம். கெட்டிமேளத்தை விமானமே கொட்டிவிட்டது. வாசல் வாழைமரம் இரண்டும் சாய்ந்தன. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மணமக்கள் இன்றுவரை நன்றாகவே இருக்கிறார்கள் என்று கேள்வி.

பதிவுக்கருவியைப் பிரித்துப் பார்த்ததில், காகிதத்தில் எழுதியதைவிட விமானம் ஏறக்குறைய ஒன்றரை டன் கூடுதலாகக் கனத்தது தெரிந்தது. உடனே எல்லார் கண்ணும் ஆவுடையப்பன் மேல் திரும்பியது. எழுதாமல் சரக்கு ஏற்றியிருக்கிறார் என்று ஒரு பேச்சு. யாருக்கோ வேண்டியவர் சரக்கு என்று அதற்கொரு வால். பணியிடை நீக்கம் செய்தார்கள். வழக்கமாக டீ குடிக்கும் கடையில், அவர் வந்தால் பேச்சு நின்றது. மஸ்கட்டில் இருக்கும் மகள் கோமதியிடம் அவள் மாமியார் போன் போட்டு, 'உங்கப்பா பேப்பர்ல வந்திருக்காராமே' என்று அக்கறையாக விசாரித்தார். ஒரு கூட்டல் பிழைகூட விட்டறியாத மனிதருக்கு அந்த 'ஆமே' தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது.

விசாரணைக் குழுவின் தலைவர் பேராசிரியர் கனகசபை. எந்தக் கருத்தையும் திறந்த மனதோடு ஏற்பவர், அது தம்முடையதாக இருக்கும் பட்சத்தில். அவரை எல்லாரும் 'கனம் தலைவர் அவர்களே' என்று விளிக்க வேண்டும் என்பது குழுவின் முதல் தீர்மானம். கனத்தைப் பற்றி விசாரிக்கிற குழுவுக்கு அது பொருத்தம்தான்.

ஆவுடையப்பன் ஒரு மூலையில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருக்க, கேப்டன் ஜெசிந்தா மூன்று மணி நேரம் அவர்களுக்குப் பாடம் எடுத்தார்.

"இறக்கைக்குத் தெரிஞ்சது ரெண்டே விசயம்தான் சார். எவ்வளவு கனம், எவ்வளவு வேகம். கனம் கூடினா எழும்புத வேகமும் கூடணும். நூத்துக்கு ரெண்டு பங்கு கனம் கூடிச்சின்னா வேகம் ஒரு பங்கு கூட வேணும். அது பெரிய காரியமில்ல. ஆனா அந்த வேகம் வந்து சேருறதுக்குள்ள ஓடுத தரை நாலு பங்கு கூடிப்போகும். இங்க தரை எங்க இருக்கு? மண்டபம்ல இருக்கு."

மண்டபம் என்றதும் குழுவில் நாலு பேர் இருமினார்கள்.

விமானத்தையே நிறுத்துப் பார்க்கலாமே என்றார் ஜெசிந்தா. அதெல்லாம் போன வருஷமே எடை போட்டாயிற்று என்றார்கள். மறுபடி போடலாமே என்றார். பேராசிரியர் புன்னகைத்தார். "விமானம் என்ன கேப்டன், கல்யாணமான மாப்பிள்ளையா, ஒரு வருஷத்தில் ஊதிப்போக?" குழு முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவரே கேட்டார்: அப்படியானால் அந்த ஒன்றரை டன் எங்கிருந்துதான் வந்தது?

ஜெசிந்தாவுக்குப் பசி வேறு. "எனக்கென்ன சார் தெரியும்? மஸ்கட் போற சனம். பெண்டாட்டி பிள்ளைய விட்டுட்டுப் போகுது. எல்லாம் மனபாரத்தோட ஏறியிருக்கும்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. குறிப்பெடுத்தவர் பயின்ற சுருக்கெழுத்தில் கிண்டலுக்குக் குறியீடு கிடையாது. அவர் எழுதியது: 'தாமத எழுச்சிக்குக் காரணம், பயணிகளின் மனபாரம் (விமானியின் வாக்குமூலம்).' பேராசிரியர் அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை படிக்கும்போது அவர் கண்ணில் ஒரு விருது தெரிந்திருக்க வேண்டும்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. மற்ற ஊர்களிலும் விமானங்கள் கணக்கைவிடக் கனப்பது வெளிவந்தது. வளைகுடாவுக்குப் போகிறவை அதிகம் கனத்தன. மாலத்தீவுக்குத் தேனிலவு போகிறவை கனக்கவே இல்லை. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? "மனசு கனக்கிறது என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?" என்று பேராசிரியர் தொலைக்காட்சியில் கேட்டார். முன்னோரை இழுத்துவிட்டால் பிறகு எதிர்த்துப் பேச ஆள் ஏது. ஆணையம் பிறந்தது. மனபாரமானி பிறந்தது. அது ஒரு நாற்காலி. கை வைக்கும் இடத்தில் இரண்டு பித்தளைத் தகடுகள். உள்ளங்கை வியர்வை, நாடித்துடிப்பு, மூச்சின் நீளம் மூன்றையும் எடுத்து, பேராசிரியரின் சூத்திரத்தில் போட்டு, காணாமல் போன ஒன்றரை டன்னை ஆளாளுக்குப் பங்கு வைக்கும். திரையில் கிலோ என்று வந்துவிடும். கிலோ என்று வந்துவிட்டால் நம் ஆட்கள் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். காய்கறிக் கடையில் பழகிய விசுவாசம்.

ஆவுடையப்பன் குற்றமற்றவர் என்று அறிவித்து, மாலை போட்டு, படம் எடுத்தார்கள். அவர் கணக்கு சரி, பயணிகளின் நெஞ்சில்தான் பிழை. ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டு அவர் மூச்சுவிட்டது அதனால்தான். மாலை போட்ட கையோடு அவருக்குப் புதுப் பதவியும் கொடுத்தார்கள்: பார இறக்க அலுவலர்.

ஏழு கிலோவுக்கு மேல் காட்டியவர்கள் அவர் அறைக்கு அனுப்பப்படுவார்கள். மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. 'உம்' கொட்ட வேண்டியது ஆவுடையப்பன் பொறுப்பு. கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியப் பிரமாணம் உண்டு. உம் கொட்டுவதற்கு மூன்று நாள் பயிற்சி வேறு கொடுத்தார்கள். ஆவுடையப்பனுக்கு அது தேவைப்படவில்லை. அவர் உம்மில் அவசரம் இருக்காது, தீர்ப்பு இருக்காது, 'எனக்குக்கூட ஒரு தடவை' என்று தொடங்கும் வியாதியும் இருக்காது. கல்லுக்குக்கூட நாலு வார்த்தை பேசத் தோன்றும்.

வந்தவர்களில் ஒரு கொத்தனார் இருந்தார். கூட வேலை பார்த்தவன் சாரத்திலிருந்து விழுந்து செத்து ஒரு வருஷம் ஆகிறது. ஊரில் அவன் அம்மாவுக்குக் கண் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் இவர் அவன் குரலில் போன் போட்டு, சாப்பிட்டேன் அம்மா, நல்லாயிருக்கேன் அம்மா என்று பேசிக்கொண்டிருக்கிறார். இதைச் சொல்லி முடித்தபோது பத்தொன்பது கிலோ ஐந்தாகியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாரேன் சார் என்று போய் ஏறிவிட்டார். சாவுக்குப் போகிறவர்கள்தான் பாவம். பதினைந்து, இருபது என்று காட்டும். சொல்லச் சொல்ல ஏறும். அவர்கள் அழுது முடிப்பதற்குள் விமானம் போய்விடும், அங்கே பிணமும் எடுத்துவிடுவார்கள்.

பூஜ்யம் காட்டியவர்களும் உண்டு. மண்டபத்துக்குக் குத்துவிளக்கு ஏற்றியவர் ஒருநாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கனம் பொருந்திய அவருக்குக் கனம் பூஜ்யம். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். 'தலைவருக்குப் பஞ்சு மனசு' என்று மறுநாள் சுவரொட்டி. மனசாட்சி இருப்பவர்கள் தரையில் நிற்க, இல்லாதவர்கள் நாட்டுக்கு மேலே பறந்துகொண்டிருந்தார்கள். முன்பும் அப்படித்தான் என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதில் ஒரு சிக்கல் மெதுவாகத் தெரிந்தது. சொன்னவர்களுக்கு இறங்கியது கேட்டவர்களுக்கு ஏறியது. வாரம் ஒருமுறை ஊழியர்களையும் நாற்காலியில் உட்காரவைப்பார்கள். ஆவுடையப்பன் எட்டில் தொடங்கி இருபதைத் தாண்டினார். ஆணையம் இதற்குப் 'பார அழியாமை விதி' என்று பெயர் சூட்டி, மேலும் ஒரு கருத்தரங்கு நடத்தியது. பெட்டி தூக்கும் ஆட்கள் ஆவுடையப்பனுக்குச் 'சுமைதாங்கி' என்று பெயர் வைத்தார்கள். அது அவரைச் சுருக்கென்று குத்தியது. அவர் ஊர்ப்பக்கம், வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போகிறவள் பேரில் வழியோரம் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். அவள் இறக்காத சுமையை வழிப்போக்கர்கள் இறக்கட்டும் என்று. அவர் மனைவி இரண்டாவது பிரசவத்தில் அப்படித்தான் போனாள். கல் நடச் சொல்லி மைத்துனர் கேட்டதற்கு, இந்தக் காலத்தில் தலைச்சுமை யார் தூக்குகிறார்கள் என்று சொல்லிவிட்டார். அப்போது கோமதிக்கு நாலு வயது.

விமானிகளையும் நாற்காலி விட்டுவைக்கவில்லை. கேப்டன் ஜெசிந்தாவுக்குப் பதினெட்டு காட்டியது. பறக்கத் தடை. ஒரு மத்தியானம் அவர் ஆவுடையப்பன் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நான் அன்னைக்குக் கிண்டலுக்குச் சொன்னது."

"உம்."

"சிரிப்பாங்கன்னுதான் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. மறுநா போய்ச் சொல்லுவோம்னு பாத்தா அந்தாளு டிவில உக்காந்திருக்காரு."

"உம்."

"மனபாரத்துக்கு ஏது அண்ணாச்சி எடை? எங்கப்பா செத்த சேதி வந்த அன்னைக்கும் நான் பிளேன் எடுத்தேன். அது எழும்ப வேண்டிய எடத்துலதான் எழும்பிச்சு."

ஆவுடையப்பனுக்கு அந்த உம் வாய்வரை வந்து நின்றது.

ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினார். கோளாறு விமானத்தில்தான் இருக்கிறது. அதை இறக்கி நிறுத்துப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறார். தனியாகச் சொன்னால் வேலை போன பெண் புலம்புகிறாள் என்பார்கள். ஏற்றக் கணக்குப் பார்த்தவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் தட்ட முடியாது.

ஆவுடையப்பன் மேசையைப் பார்த்தார். விமானத்தை நிறுத்துப் பார்த்து, அது சரியாகவே இருந்துவிட்டால்? மனபாரமும் இல்லை, விமானமும் இல்லை என்றால் அப்புறம் மிச்சம் இருப்பது யார்? டீக்கடையில் பேச்சு நின்றது ஞாபகம் வந்தது. அந்த 'ஆமே' ஞாபகம் வந்தது.

"வேண்டாம் கேப்டன்," என்றார். "எல்லாம் அடங்கி இப்பதான் ஒழுங்கா போய்ட்டிருக்கு. சனங்களும் ரெண்டு வார்த்தை பேசிட்டு நிம்மதியாப் போகுதுவ. எதுக்குக் கிண்டிவிடணும்?"

"என் வேலை போச்சே அண்ணாச்சி."

"அது வந்துரும். அந்த நாற்காலில உக்காருங்க, என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

ஆறு கிலோ என்று சொன்னது. மறுபடி பறக்கலாம். ஜெசிந்தா கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"அப்ப இத நீங்களே வச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் ஆவுடையப்பனுக்கு முப்பத்தொன்று காட்டியது.

கோமதி அப்போது நிறைமாதம். மருமகன் சரக்குக் கப்பலில் எங்கோ தென் அமெரிக்கப் பக்கம். மாமியாருக்கு மூட்டுவலி, ஆனால் போன் பேச வலியில்லை. சில நாளாகவே கோமதி அப்பாவுக்கு அடிக்கடி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று ஆரம்பித்து, "அப்பா, அம்மாவுக்கு அன்னைக்கு என்னதான் ஆச்சு?" என்பதில் வந்து நிற்பாள். ஆவுடையப்பன் உடனே, "டூட்டில இருக்கேம்மா, அப்புறம் பேசுவோம்," என்பார். அது பொய்யும் இல்லை. எதிரே யாராவது ஒரு பயணி கண்ணீரோடு உட்கார்ந்துதான் இருப்பார். ஊரார் கதைக்கெல்லாம் உம் கொட்டியவர், இந்த ஒரு கதையில் முதல் உம்முக்கே பயந்தார்.

ஒருநாள் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"அப்பா, பயமா இருக்குப்பா. நீங்க வந்து ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா பக்கத்துல உக்காந்திருங்க, போதும்."

மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்தார். குழந்தைக்கு உரைமருந்தும் வசம்பும் வாங்கினார். துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன வேட்டி ஒன்றைக் கிழித்து மடித்துப் பெட்டியில் வைத்தார். கோமதி பிறந்தபோது அவர் மனைவி அப்படித்தான் வைத்திருந்தாள். பெட்டி சரியாக இருந்தது. நாற்காலிதான் முப்பத்தொன்று என்றது.

பக்கத்து அறைப் பார இறக்க அலுவலர் சண்முகவடிவு. வாய்த்துடுக்கானவள், ஆனால் அவள் உம்மும் நல்ல உம். "சுமைதாங்கிக்கே சுமையிறக்கணுமாக்கும்? உக்காருங்க அண்ணாச்சி," என்றாள்.

ஆவுடையப்பன் சொன்னார். ஆயுசில் யாரிடமும் சொல்லாததை அந்தச் சிறிய அறையில் சொன்னார். வலி கண்டதும் மனைவி கூப்பிட்டு அனுப்பியதையும், ஒரு விமானத்தின் கணக்கை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியதையும், போனபோது எல்லாம் முடிந்திருந்ததையும், மறுநாள் காலை கோமதிக்குத் தலைசீவத் தெரியாமல் விழித்ததையும், அந்தக் கல்லை நடாமல் விட்டதையும் சொன்னார். சண்முகவடிவு உம் கொட்டுவதை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினாள். மகள் வருஷக்கணக்காகக் கேட்டது பக்கத்து அறைப் பெண்ணுக்குக் கிடைத்துவிட்டது.

நாற்காலி பதினொன்று என்றது.

"இன்னும் நாலு கிலோ நிக்குது அண்ணாச்சி. வேற என்னமோ இருக்கு. அதையும் சொல்லிருங்க, பிளேன் இன்னும் கெளம்பல."

வேறு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு வாக்கியம்தான். 'அது கிண்டலுக்குச் சொன்னதாம்.' சொன்னால் சண்முகவடிவு சும்மா இருக்கமாட்டாள். சாயங்காலத்துக்குள் நிலையம் முழுக்கத் தெரியும். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற சத்தியப் பிரமாணம் அந்த நேரத்தில் அவருக்கு ரொம்பப் புனிதமாகத் தோன்றியது.

"வேற ஒண்ணுமில்லம்மா," என்றார்.

கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்று மஸ்கட் விமானம் ஓடுவதைப் பார்த்தார். ஓட்டியது ஜெசிந்தாதான். ஏழு கிலோவுக்கு மேல் ஒருத்தரையும் ஏற்றாத அந்த விமானம், முன்பு போலவே கடைசிக் கோட்டைத் தொட்டுத்தான் எழும்பியது. அடுத்த நாளும் நாற்காலி பதினொன்று என்றது. அதற்கு அடுத்த நாள் உட்காரவே வேண்டியிருக்கவில்லை. பெண் குழந்தை, இருவரும் நலம் என்று செய்தி வந்துவிட்டது. அவர் அந்தப் பெட்டியைப் பிரிக்கவில்லை.

மழைக்காலம் முடிந்தபின் ஒருநாள், பழைய மஸ்கட் விமானம் ஒன்றைப் பெரிய பராமரிப்புக்காகக் கொட்டகையில் பிரித்தார்கள். உட்சுவர்ப் பலகையைக் கழற்றிய தொழிலாளியின் தலையில் தண்ணீர் கொட்டியது. பயந்துபோய் அடுத்த பலகையைக் கழற்றினார்கள். அங்கேயும் கொட்டியது. விமானத்தின் வெளித்தகட்டுக்கும் உட்சுவருக்கும் நடுவே குளிர் தாங்குவதற்குப் பஞ்சு வைத்திருப்பார்கள். மேலே பறக்கும்போது வெளித்தகடு பனிக்கட்டியாகிவிடும். பயணிகளின் மூச்சில் இருக்கும் ஈரம் அதில் பட்டு நீராகி, பஞ்சில் இறங்கி, வருஷக்கணக்கில் ஊறிப்போயிருந்தது. பிழிந்து பார்த்ததில் ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. போன வருஷம் விமானத்தை எடைபோட்டதாகச் சொன்னது, அதற்கு முந்தைய தடவை போட்ட எண்ணை அப்படியே மறுபடி எழுதியது என்பதும் தெரிந்தது. வளைகுடாவுக்கு ஓடியவை எல்லாம் கிழட்டு விமானங்கள். தேனிலவுக்குப் போனவை புதியவை. அவ்வளவுதான் விஷயம்.

பேராசிரியர் கனகசபை அசரவில்லை. சாதாரண மூச்சைவிடப் பெருமூச்சில் ஈரம் அதிகம், எனவே தம் கோட்பாடு அடிப்படையில் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று அறிக்கை விட்டார். அந்த ஆண்டே விருதும் வந்தது. ஆணையம் கலைந்தது. நாற்காலிகளின் பித்தளைத் தகடுகளைக் கழற்றிவிட்டு, கால்பிடித்துவிடும் இயந்திரம் பொருத்தி, காத்திருப்போர் கூடத்தில் போட்டார்கள். ஆவுடையப்பனின் அறை காபிக் கடையாயிற்று.

ஏற்றக் கணக்கு மேசைக்குத் திரும்பிய சில நாளில், அந்தக் கொத்தனார் காபிக் கடை முன்னால் நிற்பதை அவர் தூரத்திலிருந்து பார்த்தார். கடைப் பையனிடம் ஏதோ கேட்டார், பையன் கையை விரித்தான். சண்முகவடிவுதான் பிற்பாடு சொன்னாள்: "இங்கன ஒருத்தர் உம் கொட்டிக்கிட்டு இருப்பாரே, அவர் எங்கன்னு கேட்டாராம். இன்னும் வெள்ளிக்கிழம போன் போடுதாராம்." அன்று ஆவுடையப்பன் எழுந்து போவதற்குள் கொத்தனார் விமானத்தில் ஏறியிருந்தார்.

ஆவுடையப்பன் கணக்கு சரி. எப்போதுமே சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஜெசிந்தா கையெழுத்துக் கேட்ட அன்றே விமானத்தை நிறுத்துப் பார்த்திருந்தால், ஒரே வாரத்தில் நாற்காலியெல்லாம் மூலைக்குப் போயிருக்கும், அவரும் பெட்டியோடு மஸ்கட்டில் இறங்கியிருப்பார். தம் கூட்டலை உலகமே சந்தேகப்பட்டதில் அவருக்கு வருத்தம் இருந்தது. தாமே சந்தேகப்பட்டுவிட்டோம் என்பதை இப்போது யாரிடம் போய் இறக்கிவைப்பது?

கோமதிக்குப் போன் போட்டார். வருகிறேன் என்றார். "வாங்கப்பா, அவசரம் ஒண்ணுமில்ல," என்றாள். குழந்தை குப்புற விழுகிறது என்றாள். பின்னால் குக்கர் விசிலடித்தது.

"நீ ஏதோ கேட்டுட்டு இருந்தியேம்மா. அம்மாவப் பத்தி. இப்ப டூட்டில இல்ல, சொல்லுதேன்."

கோமதி அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அதுவாப்பா? ஆசுபத்திரில ஒரு மலையாளத்து நர்ஸம்மா இருந்தாங்க. வலி வந்த நேரமெல்லாம் பக்கத்துலயே உக்காந்து பேச்சுக் குடுத்தாங்க. எனக்கு என்னென்ன பயமோ எல்லாத்தையும் அவங்ககிட்ட கொட்டிட்டேன். பாதித் தமிழ் புரிஞ்சிருக்காது, பாவம். உம் உம்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க." அவள் சிரித்தாள். "இப்ப ஒண்ணுமில்லப்பா. நல்லாருக்கேன்."

"உம்," என்றார் ஆவுடையப்பன்.

கிளம்பும் அன்று விமானத்தின் வாசலில் ஜெசிந்தா நின்றிருந்தார். "வாங்க அண்ணாச்சி. பஞ்செல்லாம் காயவச்சாச்சு," என்றார். அவர் கையிலிருந்த ஏற்றக் கணக்கு, ஆவுடையப்பன் விடுப்பில் போனதால் வேறொருவர் போட்டது.

ஜன்னலோரம் உட்கார்ந்தார். காலடியில் அந்தப் பெட்டி. உரைமருந்துக்கு இனி அவ்வளவு அவசியம் இருக்காது. வேட்டித் துணி மட்டும் எதற்காவது ஆகும். விமானம் ஓடத் தொடங்கியது. பழக்கதோஷத்தில் ஓடுபாதை விளக்குகளை எண்ணிக்கொண்டே வந்தார். மனைவி ஒருபுறம், நடாத கல் ஒருபுறம், மகளின் அந்தச் சிரிப்பு ஒருபுறம் என்று கூட்டிப் பார்த்தார். இவ்வளவையும் சுமந்துகொண்டு இது எப்படி எழும்பும் என்று ஒரு கணம் நிஜமாகவே பயந்தார்.

எழும்ப வேண்டிய இடத்தில் மூக்கு எழும்பியது. கல்யாண மண்டபம் வெகு கீழே, தீப்பெட்டி மாதிரி போயிற்று.

ஏற்றக் கணக்கில் ஆவுடையப்பன் எழுபத்தைந்து கிலோ.